கபகோவின் அறைகளுக்குள் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

முழு அறைகளையே கலைப்படைப்பாகக் கட்டிய சோவியத் காலக் கலைஞர் இலியா கபகோவ் 2023இல் காலமானபோதே கேட்க நினைத்தேன். அவருடைய படைப்புகளை நேரில் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

என் அனுபவம் இது. 2017 கடைசியில் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அவரும் மனைவி எமிலியாவும் சேர்ந்து நடத்திய பெரிய கண்காட்சி. 'தன் அறையிலிருந்து விண்வெளிக்குப் பறந்தவன்' அங்கே இருந்தது. பலகை அடித்து மூடிய அறை, இடுக்கு வழியாகத்தான் எட்டிப் பார்க்க வேண்டும். சுவர் முழுக்க சோவியத் போஸ்டர்கள், உண்டிவில் மாதிரி கட்டித் தொங்கவிட்ட ஓர் இருக்கை, கூரையில் பெரிய ஓட்டை, கீழே செருப்பு. ஆளைக் காணோம்! அவன் எப்படிப் போனான் என்று அக்கம்பக்கத்தார் சொல்வதை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே சமையலறையைப் பல குடும்பங்கள் பங்குபோட்ட மாஸ்கோ குடியிருப்பில் யார் எதை மறைக்க முடியும்? வம்பு கேட்கும் பக்கத்து அறைக்காரராகவே நம்மையும் நிறுத்திவிடுகிறார் மனுஷர். 1985இல் மாஸ்கோவில் தன் மாடிப் பட்டறையில் இதை முதலில் கட்டியபோது நண்பர்கள்தான் பார்த்தார்கள். வெளியுலகுக்கு அவர் சிறுவர் நூல்களுக்குப் படம் போடுபவர். பிழைப்புக்கு அந்த வேலை, மாடியில் இந்த வேலை.

*

அண்ணா, நான் அதே கண்காட்சியில் 'லாபிரிந்த்' என்ற படைப்பில்தான் மாட்டிக்கொண்டேன். பழைய குடியிருப்பின் நடைபாதை போல வளைந்து வளைந்து போகும், மங்கலான பல்பு வெளிச்சம். வழிநெடுக அவருடைய அம்மாவின் வாழ்க்கைக் குறிப்புகள், தட்டச்சு செய்த தாள்களாக. மகன் கேட்டதால் வயதான காலத்தில் எழுதியவை. பக்கத்திலேயே அழகழகான சோவியத் ஊர்ப் புகைப்படங்கள். அம்மா எழுதியிருப்பதோ பசியும் போரும் தங்க இடமில்லாத அலைச்சலும். உள்ளே போகப் போக யாரோ பாடுவது கேட்கிறது, கபகோவின் குரல்தான். அவசரமாகப் போகாதீர்கள், எல்லாவற்றையும் படிக்க வேண்டும்.

*

நான் கொஞ்சம் வயதானவன். 1992இல் ஜெர்மனியின் காஸல் நகரில் டாக்குமெண்டா என்ற பெரிய கலைக் கண்காட்சியைப் பார்த்தேன். ஃப்ரிடெரிசியானும் கட்டடத்துக்குப் பின்னால் சோவியத் பாணிப் பொதுக் கழிப்பறை ஒன்றைக் கபகோவ் கட்டியிருந்தார். உள்ளே நுழைந்தால் சாப்பாட்டு மேசை, கட்டில், சோபா என்று ஒரு குடும்பம் இப்போதுதான் எழுந்து போன மாதிரி. சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். ரஷ்யாவில் பலருக்குக் கோபம், நாங்கள் கழிப்பறையிலா வாழ்கிறோம் என்று. பிறகுதான் பின்கதை படித்தேன். அவர் மாஸ்கோவில் ஓவியப் பள்ளி விடுதியில் படித்த காலத்தில், மகனோடு இருப்பதற்காக அம்மா அங்கேயே வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். நகரத்தில் குடியிருக்க அனுமதிச் சீட்டு இல்லை. பள்ளியில் கழிப்பறையாக இருந்த ஓர் அறையில்தான் தங்கியிருந்தாராம். கோபப்பட்டவர்களுக்கு இது தெரியுமா என்று கேட்கத் தோன்றியது. தெரிந்திருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.