நரேன் கார்த்திகேயன் ரசிகர்களுக்கு: ஆறு கார் கணக்கும் தொப்பிக் கையெழுத்தும்

கொட்டாஞ்சேனையிலிருந்து:

ஃபோர்மியுலா வன் கார்ப் பந்தயத்தில் ஓடிய இந்திய ஓட்டுநர் நரேன், ஜோர்டான் அணியில் இருந்தபோது ஒரு பந்தயத்தில் நாலாவதாக வந்தார். "ஆறு கார் ஓடின பந்தயத்தில நாலாவதா?" என்று அதை நக்கலடிப்பவர்களுக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். ஆறு கார்தான். 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த கிராண்ட் பிரீ (ஃபோர்மியுலா வன் பந்தயங்களை அப்படித்தான் சொல்வார்கள்). 13ஆம் வளைவின் சரிவில் மிஷெலின் டயர் தாங்காது என்று தெரிந்ததால், அதைப் பூட்டிய 14 கார்களும் பந்தயம் தொடங்குமுன் ஓடும் ஃபோர்மேஷன் சுற்று முடிந்ததும் பிட்டுக்குள் (ஓடுபாதையோரம் கார்களைப் பராமரிக்கும் இடம்) போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய ஃபெராரி, ஜோர்டான், மினார்டி மட்டும் மிச்சம். நரேனுக்கு 5 புள்ளி. 46 ஃபோர்மியுலா வன் பந்தயங்களில் அவருக்குக் கிடைத்த புள்ளியே அவ்வளவுதான். எங்கட ஆட்கள் சிலர் நாலாவது இடத்தைச் சொல்லிவிட்டு ஆறு காரை விழுங்குவதால்தான் நக்கலே வருகிறது.

பின்வரிசைக் காரில் இருப்பவரை அளக்க நல்ல அளவுகோல், அதே கார் கிடைத்த மற்ற ஓட்டுநர். 2011 அக்டோபர் 30, இந்தியக் கிராண்ட் பிரீ நடந்த புத் சர்க்யூட்: ஹிஸ்பானியா காரில் நரேன் 17ஆவது, அதே அணியின் டானியல் ரிக்கியார்டோ 18ஆவது. பிறகு எட்டு கிராண்ட் பிரீ வென்ற அதே ரிக்கியார்டோ! வாதாடுவதென்றால் இதை எடுத்து வையுங்கள். 2019 நவம்பரில் ஜப்பானின் ஃபூஜியில், ஜப்பானிய சுப்பர் ஜிடி தொடரின் கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் தொடரின் கார்களும் சேர்ந்து ஓடியபோது ஹொண்டா என்எஸ்எக்ஸில் வென்றதையும் விடாதீர்கள். அப்போது வயது 42.

வெள்ளவத்தையிலிருந்து:

கணக்கு சரி. தமிழ்நாட்டில் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை செட்டிப்பாளையத்துக்கோ கார்ப் பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் கையெழுத்துக்கு என்ன கொண்டுபோவது என்பதில்தான் பிழை விடுகிறார்கள்.

கறுப்புத் தொப்பிக்குச் சாதாரண மார்க்கர் எடுபடாது. மை நூலுக்குள் ஊறிப் படர்ந்து கண்ணுக்கே தெரியாமல் போகும். வெள்ளி அல்லது வெள்ளை நிற, எண்ணெய்ப் பெயின்ட் மார்க்கர் வேண்டும். ஒன்று போதாது, இரண்டு கொண்டுபோங்கள். வரிசையில் நிற்கும்போதே குலுக்கி, பழைய தாளில் முனையை அழுத்தி, பெயின்ட் இறங்கியதா என்று பார்த்துவிட வேண்டும். தொப்பிமேல் வைத்து அழுத்தினால் பெரிய சொட்டு விழும், அதோடு தொப்பி போச்சு. துணிப் பக்கத்தில் கேட்காதீர்கள், எழுதும்போது இழுபடும். விறைப்பான முன்விளிம்பை நீட்டுங்கள். பத்து நிமிடத்துக்குக் கை படக்கூடாது, பையிலும் திணிக்கக் கூடாது.

எந்த ஓட்டுநரிடமும் ஹெல்மெட் போட்ட பிறகு, எஞ்சினியரோடு கதைக்கும்போது, பந்தயத்துக்கு முந்திய அரை மணியில் கேட்காதீர்கள். தகுதிச் சுற்று முடிந்து ஆள் ஆறுதலாக நிற்கும் நேரம் நல்லது.

பம்பலப்பிட்டியிலிருந்து:

அண்ணா, வாங்கினதைக் கொழும்பில் காப்பாற்றுவதுதான் பெரிய பாடு. கடற்கரைப் பக்க வீடு என்றால் மழைக்காலத்தில் அலுமாரிக்குள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். கையெழுத்துப் படத்தை லெமினேட் செய்யவே வேண்டாம். சூட்டிலும் பசையிலும் மை இளகிவிடும். மலிவான பிவிசி உறையும் நாளடைவில் மையைத் தன்னோடு ஒட்டி எடுத்துவிடும். பொலிபுரொபிலீன் உறை பாருங்கள். யன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் வெயிலில் எழுத்து வெளிறும்.

இறுக்கமாக மூடும் பெட்டி, உள்ளே ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகள். நீலம் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்து முடிந்துவிட்டது. மின் அவனில் (oven) 120 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம் வைத்தால் திரும்ப நீலமாகும். சாப்பாட்டோடு சேர்த்து வைக்காதீர்கள், அந்த நிறத்துக்குக் காரணம் நச்சுத்தன்மையுள்ள கோபால்ட் உப்பு. அம்மாமார் போடும் பூச்சி உருண்டையை மட்டும் பெட்டிக்குள் விடாதீர்கள். அந்த ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

தெகிவளையிலிருந்து:

குட்டிக் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. நிஜக் காரில் 43இல் ஒரு பங்கு (1/43) அளவில் செய்த ஜோர்டான் காரைப் பெட்டியின் பிளாஸ்டிக் தளத்தில் வருடக்கணக்காக அப்படியே விட்டால், டயரை மெதுவாக வைத்திருக்கும் எண்ணெய் கசிந்து தளத்தை உருக்கும். பிறகு தூக்கினால் டயர் கழன்று ஒட்டியபடி நிற்கும். அடியில் இருக்கும் திருகாணிகளைக் கழற்றி, இரண்டு மில்லிமீற்றர் உயர வொஷர் வைத்துத் திரும்பப் பூட்டுங்கள். டயர் தளத்தில் முட்டாமல் நின்றால் போதும். திருகாணி குட்டையாக இருந்தால் ஹாட்வெயார் கடையில் நீளமானது வாங்க வேண்டிவரும். பழையதைக் கையோடு கொண்டுபோய் மரையை ஒப்பிட்டு வாங்குங்கள்.