சைடு வீல் வண்டி வாங்கும் முன்: ஓட்டுகிறவர்களின் கணக்கு

செல்கடைக்காரர், அருப்புக்கோட்டை

போன வாரம் கடைக்கு ஒரு தம்பி வந்திருந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும், இடது காலில் காலிபர், அதாவது காலைத் தாங்கும் கருவி. போன் டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்துவிட்டு, வாசலில் நின்ற, பக்கச் சக்கரம் மாட்டிய என் ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அண்ணே, இது மாதிரி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். எந்தக் கம்பெனி வண்டி நல்லது?" என்றார்.

பதினாலு வருஷமாக என்னிடம் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். இது என் இரண்டாவது வண்டி. இரண்டும் வெவ்வேறு கம்பெனி, இரண்டிலுமே என்ஜின் என்னை ஒருநாளும் கைவிட்டதில்லை. நான் வழியில் நின்றதெல்லாம் ஸ்கூட்டரின் இரு பக்கமும் மாட்டியிருக்கும் சக்கரங்களால்தான். ஷோரூமில் அதைப்பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால் நானே விவரமாக எழுதுகிறேன்.

பெயர்தான் மூன்று சக்கர வண்டி. குனிந்து எண்ணினால் பெரும்பாலும் நான்கு இருக்கும். முன்னால் ஒன்று, பின்னால் கம்பெனி கொடுத்த ஒன்று, அதற்கு இரு பக்கமும் நாம் காசு கொடுத்து மாட்டிய இரண்டு. என்ஜின் இழுப்பது நடுவில் உள்ள பின்சக்கரத்தை மட்டும். என் வண்டியில் பிரேக்கும் அதற்கும் முன்சக்கரத்துக்கும்தான் உண்டு. பக்கத்துச் சக்கரங்கள் சும்மா உருண்டு வரும், ஆனால் பாரத்தில் நல்ல பங்கை அவை வாங்கிக்கொள்ளும். தொல்லை எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

சாக்கடை மூடியோ, கோணலாகப் போட்ட வேகத்தடையோ வந்தால் பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் மேட்டில் ஏறிக்கொள்ளும். நடுச்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் என்ஜின் அலறும், சக்கரம் காற்றில் சுற்றும், வண்டி ஓரடி நகராது. கால் உள்ளவர் இறங்கித் தள்ளிவிட்டுப் போய்விடுவார். நாம் யாராவது வரும்வரை அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்து ஷாக் அப்சர்பர் ரொம்ப விறைப்பாக இருந்தாலோ, சக்கரத்தை அளவுக்கு மேல் இறக்கி மாட்டியிருந்தாலோ இந்தத் தொல்லை தினமும் வரும்.

இதை வாங்கும் முன்பே கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். ஒரு பழைய போஸ்ட் கார்டு போதும். நடுப் பின்சக்கரத்தை அதன் மேல் ஏற்றி நிறுத்துங்கள். நீங்கள் சீட்டில் முழு எடையோடு உட்காருங்கள். கூட வந்தவரை அட்டையை இழுக்கச் சொல்லுங்கள். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் பாரம் முழுக்கப் பக்கத்தில்தான் இருக்கிறது, அந்த வண்டி மேட்டில் இழுக்காது, பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. அட்டை கிழிந்தால்தான் நல்ல வண்டி.

அடுத்தது வெல்டிங். 2019-ல் நடந்தது. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை என் மகள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு எட்டு வயது. "அப்பா, இங்க ஒரு முடி ஒட்டியிருக்கு, தொடச்சாலும் போகல" என்றாள். போய்ப் பார்த்தேன். இடதுபக்கக் கை, அதாவது பக்கச் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் குழாய், சேஸிஸோடு (வண்டியின் சட்டத்தோடு) சேரும் இடத்தில் பெயின்ட் மேல் மெல்லிசாக ஒரு கோடு. ஓரத்தில் டீ டிகாஷன் மாதிரி லேசான பழுப்பு. பெயின்ட் வெடிப்பு என்று நினைத்து விட்டுவிட்டேன். அது இரும்பில் விழுந்த விரிசல், உள்ளே தண்ணீர் போய்த் துரு கசிந்திருக்கிறது.

ஒன்பது நாள் கழித்து விருதுநகர் ரோட்டில் போகும்போது 'கிணுக் கிணுக்' என்று ஒரு சத்தம். சைடு ஸ்டாண்ட் ஆடுகிறது என்று நினைத்தேன். ஒரு பள்ளத்தில் இறங்கியதும் இடப்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வேகம் முப்பதுக்குள் இருந்ததால் உயிர் தப்பினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் ஓடிவந்து என்னைத் தூக்கி வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார். ஊன்றுகோல் உருண்டு ஓடைக்குள் போயிருந்தது, அதையும் இறங்கி எடுத்துவந்தார். லோடு ஆட்டோ வர இரண்டரை மணி நேரம். வெல்டிங் கூலி நானூறு ரூபாய், லோடு ஆட்டோ எண்ணூறு, கடை மூடிக் கிடந்தது மூன்று நாள்.

அதிலிருந்து ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். 2023-ல் 9,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பக்கச் சக்கரம் மாட்டும் முன் லிட்டருக்கு 46, 47 கொடுத்த வண்டி இப்போது 34 கொடுக்கிறது. ஆக பெட்ரோல் மட்டும் 28 ஆயிரம் ரூபாய் பக்கம். வேலைச் செலவு 8,400. அதில் ஆயில், ஏர் ஃபில்டர், பெல்ட், பிரேக் ஷூ என்று ஸ்கூட்டருக்குப் போனது 3,600தான். மீதி 4,800 பக்கச் சக்கரங்களுக்கு: டயர் இரண்டு, பேரிங் நான்கு, ஷாக் புஷ், ஒரு முறை அலைன்மென்ட். சக்கரம் நேராக நிற்காமல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் டயர் ரோட்டில் உரசிக்கொண்டே போகும், ஆறே மாதத்தில் ஒரு ஓரம் மட்டும் வழுக்கையாகிவிடும். டயரைத் தடவிப் பார்த்தாலே கைக்குத் தெரியும். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் அங்கே கையை வையுங்கள்.

என்ஜின் இழுப்பைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டும், அதோடு சேர்ந்த ரோலரும் மற்றவர்களுக்கு வருவதைவிட நமக்குச் சீக்கிரம் தேயும். கூடுதல் எடையை இழுக்கிறதே. என் வண்டியில் பெல்ட் 17 ஆயிரம் கிலோமீட்டரிலேயே போனது. பின்பக்கக் கியர் ஆயிலை மெக்கானிக்குகள் மறந்துவிடுகிறார்கள், கேட்டு மாற்றச் சொல்லுங்கள்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. பக்கச் சக்கர செட்டை (கிட் என்பார்கள்) அங்கீகாரம் உள்ளதாக வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆர்.சி.யில் மாற்றத்தைப் பதிந்துவிடுங்கள். இன்சூரன்ஸ்காரருக்கும் எழுதிக் கொடுங்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது நம் மாதிரி வண்டிகளுக்கு இருந்த 'இன்வேலிட் கேரேஜ்' என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு 'அடாப்டட் வெஹிக்கிள்' என்று மாற்றினார்கள். லைசென்ஸும் அந்த வகையில்தான் எடுக்க வேண்டும். பதியாத வண்டியை மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

அந்தத் தம்பியிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். "உங்க ஊர்ப் பக்கத்துல, கூப்பிட்டா வீட்டுக்கே வந்து பாக்குற மெக்கானிக்கும் வெல்டரும் இருக்காங்களா? மொதல்ல அவங்களப் பாத்துட்டு வாங்க." மற்றவர்களுக்கு வண்டி நின்றால் பஸ் இருக்கிறது. நமக்கு வண்டி நின்றால் அன்றைக்கு வீடுதான். அந்த நாளையும் செலவில் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊரில் எப்படி? எழுதுங்கள்.

நாகை டீச்சர்

அண்ணா, அந்த முடி விஷயத்தைப் படித்ததும் எழுந்து போய் என் வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

எங்களுக்கு உப்புக் காற்று. வீடு கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஸ்கூட்டர் பாடியில் துரு வருவது கண்ணுக்குத் தெரியும், பக்கக் கையின் குழாய்க்குள் வருவது தெரியாது. என் முதல் கிட்டில் குழாயின் முனைகளை மூடாமல் விட்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் உள்ளே போய்த் தங்கி, மூன்றாவது வருஷம் ஸ்பேனரால் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டியது 'டப்' என்று கேட்டது. அறுத்துப் பார்த்தால் உள்ளே செதில் செதிலாக உதிர்கிறது. இரண்டாவது முறை வாங்கும்போது முனை மூடியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தே வாங்கினேன். வருஷம் ஒருமுறை மழைக்கு முன்னால் பட்டறையில் துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயின்ட் அடிக்கச் சொல்கிறேன். கூலியோடு 700 ரூபாய் ஆகிறது.

பேரிங்கும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் பள்ளிக்கூடத்து வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதில் நான்கு நாள் ஓட்டினால் சக்கரத்தைக் கையால் சுற்றும்போது மணல் அரைபடுகிற சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்த வாரமே மாற்றிவிட வேண்டும். ஒரு தடவை தை மாதம்வரை தள்ளிப்போட்டேன். பேரிங் உடைந்து, அது உட்கார்ந்திருந்த ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பகுதி) சேர்த்துத் தின்றுவிட்டது. முந்நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது 2,200 ஆனது.

என்னுடையது அரசு கொடுத்த வண்டி இல்லை, சம்பளத்தில் கடன் போட்டு வாங்கியது. முடிந்தவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் முதலில் விண்ணப்பித்துப் பாருங்கள். இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் இலவசமாகவே தருகிறார்கள். தகுதியும் முன்னுரிமையும் பார்ப்பார்கள், காத்திருக்கவும் வேண்டியிருக்கும். கிடைத்த பிறகு பராமரிப்பு நம் கையில்தான், அதனால் மேலே எழுதியது எல்லாம் அந்த வண்டிக்கும் பொருந்தும்.

பெரியகுளம் விவசாயி

மாந்தோப்பு மலையடிவாரத்தில் இருக்கிறது. கடைசி அரை கிலோமீட்டர் சரளைக்கல் ஏற்றம். அண்ணாச்சி சொன்ன நடுச்சக்கரப் பிரச்சினையை நான் தினமும் இரண்டு வேளை பார்க்கிறேன். ஏற்றத்தில் நின்று கிளம்பினால் கல்லில் வழுக்கும். அதனால் கீழேயே வேகம் பிடித்து நிறுத்தாமல் ஏறிவிடுவேன்.

இறக்கம்தான் பயம். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரைக் குறைத்துப் பிடித்து இறங்க முடியாது. முழுக்க பிரேக்கை நம்ப வேண்டும். ஒருநாள் மாங்காய்க் கூடை இரண்டைப் பின்னால் கட்டிக்கொண்டு இறங்கும்போது பின் பிரேக் டிரம்மிலிருந்து கருகல் வாசனை வந்தது, பிரேக் லீவர் கைப்பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போனது. அன்றிலிருந்து சுமை ஏற்றுவதில்லை. பக்கச் சக்கரத்திலும் பிரேக் உள்ள கிட்டுகள் இருக்கின்றன. விலை கூடத்தான். மேடு பள்ளமான ஊர்க்காரர்கள் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். நான் முதலிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, வளைவு. இரண்டு சக்கர வண்டி சாயும், இது சாயாது. வேகமாகத் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் முதல் மாதம் முப்பதைத் தாண்டாதீர்கள்.

வெல்டிங் பட்டறை, ஈரோடு

நான் ஓட்டுகிறவன் இல்லை, மாட்டிக்கொடுக்கிறவன். அண்ணன் எழுதியதில் ஒன்றைச் சேர்க்கிறேன். விரிசல் விட்ட இடத்தில் அப்படியே மேலே ஒரு கோடு வெல்டிங் இழுத்துக் கொடுப்பது வேலையே ஆகாது. அது ஆறு மாதத்தில் பக்கத்திலேயே மறுபடி விடும். விரிசலைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டு, உள்ளே நிரப்பி, மேலே முக்கோணத் தகடு ஒன்று வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒரு மணி நேரம் கூடுதலாகும், இருநூறு முந்நூறு கூட வாங்குவார்கள். கொடுங்கள். பற்றவைக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இப்போது வருகிற ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் என்ஜினை நடத்தும் மின்னணுப் பெட்டியான இ.சி.யு. போக வாய்ப்பு உண்டு. அது போனால் ஆயிரக்கணக்கில் செலவு.

கிட் வாங்கும்போது போல்ட் மாட்டும் வகையா, சேஸிஸிலேயே பற்றவைக்கும் வகையா என்று கேளுங்கள். போல்ட் வகை என்றால் வேறு வண்டிக்கு மாற்றலாம், பழுது பார்க்கக் கழற்றவும் முடியும். மாட்டிய முதல் ஐந்நூறு கிலோமீட்டரில் எல்லா நட்டையும் ஒருமுறை முறுக்கிவிட வேண்டும். என்னிடம் மாட்டியவர்களில் பாதிப்பேர்கூட அதற்குத் திரும்பி வருவதில்லை.

தாம்பரம் அக்கா

எனக்கு முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஸ்கூட்டர் சீட்டுக்கு மாற ஒவ்வொரு முறையும் ஒருவர் துணை வேண்டும். போய் இறங்கும் இடத்தில் சக்கர நாற்காலியும் வேண்டும். அதனால் வேறு மாதிரி யோசித்தேன். ஐ.ஐ.டி. மெட்ராஸ் ஆராய்ச்சியாளர்களும் அங்கே உருவான நியோமோஷன் என்ற நிறுவனமும் சேர்ந்து 2021-ல் நியோபோல்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சக்கர நாற்காலியின் முன்னால் மோட்டார் வைத்த ஒற்றைச் சக்கரத்தை மாட்டிக்கொள்வது. மூன்று சக்கர வண்டியாகிவிடும், சேர்ந்த இடத்தில் கழற்றிவிட்டு நாற்காலியோடு உள்ளே போகலாம். மணிக்கு 25 கிலோமீட்டர், ஒரு சார்ஜுக்கு 25 கிலோமீட்டர்வரை என்று சொன்னார்கள். அறிமுக விலை 55,000 ரூபாய்.

எனக்குத் தினம் எட்டு கிலோமீட்டர்தான், போதும். ஆயில் இல்லை, பெல்ட் இல்லை, பெட்ரோல் பங்கில் வரிசை இல்லை. ஆனால் அண்ணா மாதிரி ஊர்விட்டு ஊர் போகிறவர்களுக்கு இது ஆகாது. பேட்டரிக்கு ஒருநாள் செலவு வரும் என்பதால் மாதம் ஐந்நூறு ரூபாய் தனியாக எடுத்து வைக்கிறேன்.

செல்கடைக்காரர், அருப்புக்கோட்டை

எல்லோருக்கும் நன்றி. ஈரோட்டுத் தம்பி, பேட்டரி வயர் விஷயம் எனக்கே புதிது, நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அந்த இருபத்திரண்டு வயதுத் தம்பி நேற்று மறுபடி வந்தார். வெல்டர் கிடைத்துவிட்டார், வீட்டிலிருந்து மூன்றாவது தெருதானாம். இருவரும் ஒரு பழைய வண்டியைப் பார்க்கப் போனோம். ஐந்து வருஷ வண்டி, 38 ஆயிரம் ரூபாய் சொன்னார்கள், பெயின்ட் புதுசாகப் பளபளத்தது. தம்பி அட்டையை வைத்தார், உட்கார்ந்தார், நான் இழுத்தேன். முழுசாக, ஒரு கசங்கல்கூட இல்லாமல் கையோடு வந்தது. அப்புறம் வலப்பக்கக் கையில் புதுப் பெயின்டை நகத்தால் சுரண்டினால் அடியில் பழைய வெல்டிங் மேல் இன்னொரு வெல்டிங். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சாத்தூரில் இன்னொன்று பார்க்கப் போகிறோம். அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது.