புதுப்பிப்பு: வயர்கார்டா, ஓப்பன்விபிஎன்னா?

இரண்டு அலுவலகங்களை இணைக்கவும், வெளியிலிருந்து வேலை செய்வோருக்கும் எந்த விபிஎன் (இணையத்தின் வழியே மறையாக்கப்பட்ட தனிப் பாதை) மென்பொருள் ஏற்றது என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. முடிவெடுத்துவிட்டேன்.

அலுவலகங்களுக்கிடையே வயர்கார்டு. 2020 முதல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே இருக்கிறது. அமைப்புக் கோப்பு இருபது வரிகூட இல்லை. ஆனால் முதல் வாரம் என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. பிங் (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) போகிறது, சிறிய பக்கங்கள் திறக்கின்றன, பெரிய கோப்பு மட்டும் பாதியில் நின்றுவிடுகிறது! மறையாக்கச் சாவிகளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்து இரண்டு நாள் வீணாயிற்று. காரணம் எம்டியு, அதாவது ஒரே பொதியில் அனுப்பக்கூடிய உச்ச அளவு. இயல்பு மதிப்பான 1420 பைட் எங்கள் இணைப்பு ஒன்றுக்குப் பெரிதாக இருந்தது. 1280 ஆகக் குறைத்ததும் சரியாகிவிட்டது. என்ஏடிக்குப் (பல கணினிகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் அமைப்பு) பின்னால் இருக்கும் முனையில் 25 விநாடி கீப்அலைவ் வைத்தேன், அதாவது இணைப்பு விழித்திருக்க அவ்வப்போது ஒரு சிறு பொதி போகும். இல்லாவிட்டால், சற்று நேரம் சும்மா இருந்தாலே மறுமுனையால் அதை எட்ட முடிவதில்லை.

வெளியிலிருந்து வருவோருக்கு ஓப்பன்விபிஎன்னையே வைத்துக்கொண்டேன். வயர்கார்டு யூடிபியில் (தரவை அனுப்பும் இரு முக்கிய முறைகளில் ஒன்று; மற்றது டிசிபி) மட்டுமே இயங்கும். சில விடுதி வலையமைப்புகள் அதைத் தடுக்கின்றன. ஓப்பன்விபிஎன் டிசிபியிலும் இயங்கும்; பாதுகாப்பான இணையதளங்கள் பயன்படுத்தும் டிசிபி 443 வாயில் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. வேகம் குறைவுதான், ஆனால் இணைகிறது.

பழைய பிபிடிபியை (பாதுகாப்பற்றதாகிவிட்ட பழைய விபிஎன் முறை) அன்றே அணைத்துவிட்டேன். இன்னும் அதை ஓட்டுபவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.