ஆப்ப சோடா போடப் போட ஆல்கலினிட்டி இறங்குகிறது, யார் தின்கிறார்கள்?

பெரம்பூர் உப்பு:
வணக்கம். மூன்றடிக் கடல் நீர் மீன் தொட்டி, பாறையும் மணலும் போக 130 லிட்டர் தண்ணீர். பெரம்பூரில் இரண்டாவது மாடி, படுக்கையறையில் வைத்திருக்கிறேன் (ஹாலில் இடம் தர வீட்டில் சம்மதிக்கவில்லை). பத்து மாதம் ஆகிறது. ஒரு ஜோடி கிளவுன் மீன், ஒரு கிளீனர் இறால், கொஞ்சம் ஜோவா, மஷ்ரூம், உள்ளங்கை அகலத்தில் ஒரு லெதர் (மூன்றும் மென்மையான பவள வகைகள்). கடின பவளம் (சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டும் வகை) ஒரு துண்டு கூடக் கிடையாது. அது 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே இடத்தில் இருக்கிறது. அந்த வம்பு எனக்கு வேண்டாம்.

பிரச்சினை இதுதான். காலையில் பி.எச். பார்த்தால் 7.8. ஏற்றுவதற்காகத் தினமும் ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடாவை வாணலியில் வறுத்து, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, பம்ப் பக்கத்தில் ஊற்றுகிறேன். ஊற்றியதும் பால் விட்டது போல வெளுக்கும், பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். ஆல்க், அதாவது ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்த கார்பனேட், பைகார்பனேட் அளவு), 11 டி.கே.எச். (அதன் அலகு) காட்டும். மறுநாள் பார்த்தால் 9.7. மறுபடி போடுகிறேன், மறுபடி இறங்குகிறது. பத்து நாளாக இதே கதை. கால்சியம் 370 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) இருந்தது, நேற்று 280. மெக்னீசியம் சோதனை கிட் என்னிடம் இல்லை. உப்பு 1.025 (ஒப்படர்த்தி), முள் வைத்த பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரில் பார்த்தது.

லெதர் நான்கு நாளாகச் சுருங்கிக் கிடக்கிறது. ஹீட்டர் மேல் போர் தண்ணீர் கொதித்த பாத்திரம் மாதிரி வெள்ளைப் பொருக்கு. மணல் இரண்டு இடத்தில் பொரி உருண்டை போல இறுகிவிட்டது. வாங்கின கடையில் கேட்டால் ‘பஃபர் இன்னும் கொஞ்சம் கூட்டுங்க’ என்கிறார்கள், அதாவது இந்தச் சோடாவை. கூட்டலாமா?

பழைய ஸ்கிம்மர்:
கூட்டாதீங்க தம்பி. இன்றைக்கே நிறுத்துங்க.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு 1.3 டி.கே.எச்., பத்து நாளில் 13. சுண்ணாம்பாக மாறும்போது 2.8 டி.கே.எச். இறங்கினால் கால்சியம் 20 பி.பி.எம். கூடவே இறங்கும். 13-க்கு 93 வரும். உங்களுக்கு இறங்கியது 90. கடின பவளம் நிறைந்த தொட்டிதான் இந்த அளவுக்குத் தின்னும். ஜோவாவும் மஷ்ரூமும் எலும்புக்கூடே கட்டுவதில்லை, அவை என்ன தின்னப்போகின்றன? நீங்கள் போட்ட சோடா முழுக்கச் சுண்ணாம்புக் கல்லாக மாறி ஹீட்டரிலும் மணலிலும் உட்கார்ந்திருக்கிறது. ஊற்றியதும் வந்த ‘பால்’ அதுதான்.

வறுத்த சோடா சாதா சோடா இல்லை, சோடியம் கார்பனேட். காரம் அதிகம். கொஞ்சம் தண்ணீரில் கரைத்து ஒரே இடத்தில் கொட்டினால் அந்த இடத்தில் பி.எச். எகிறி அங்கேயே படிந்துவிடும். ஆனால் அது மட்டும் இவ்வளவு செய்யாது. மெக்னீசியம் குறைவாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். சுண்ணாம்புப் படிகம் வளர்கிற முகத்தில் மெக்னீசியம் போய் ஒட்டிக்கொண்டு மேலே வளரவிடாமல் தடுக்கும். கடல் நீரில் 1,300-க்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அந்தக் காவல் இல்லையென்றால் கால்சியமும் ஆல்கும் கைகோத்துக்கொண்டு கல்லாகிவிடும்.

பி.எச்.சைத் துரத்தாதீங்க. 7.8-க்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் ஏசி. இரவெல்லாம் கதவை மூடித் தூங்கினால் அறையில் கார்பன் டை ஆக்சைடு ஏறும், தொட்டி அதைக் குடிக்கும். ஒரு மக் தொட்டித் தண்ணீரை பால்கனியில் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழ் விடும் கல்) போட்டு ஒரு மணி நேரம் வையுங்கள். பி.எச். ஏறினால் குற்றவாளி அறைக் காற்று.

திருவான்மியூர் அலை:
மெக்னீசியத்துக்கு முன்னால் ஒரு கேள்வி. தண்ணீர் எங்கிருந்து? உப்பு கலக்கிறீர்களா, கடல் தண்ணீரா?

பெரம்பூர் உப்பு:
முதலில் உப்புப் பை. விலை கட்டுப்படியாகவில்லை. கார்த்திகையிலிருந்து கடல் தண்ணீர், தெரிந்த பையன் கோவளம் பக்கத்திலிருந்து கேனில் கொண்டுவருகிறான். மூன்று தடவையாக 80 லிட்டர் மாற்றினேன். ஆவியாகிற அளவுக்கு வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுகிறேன், டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) 60.

திருவான்மியூர் அலை:
நினைத்தேன். நானும் கடல் தண்ணீர்க்காரன்தான், ஆனால் மாசி, பங்குனியில்தான் எடுப்பேன். ஐப்பசி, கார்த்திகையில் நம் கரை நீர் நீர்த்துப்போயிருக்கும். இங்கே பெய்கிற மழை மட்டும் காரணமில்லை. வங்கக் கடலின் வடக்கே பெரிய ஆறுகள் கொட்டிய நன்னீரையும் அந்த மாதங்களில் நீரோட்டம் கரையோரமாகத் தெற்கே தள்ளிக்கொண்டு வருகிறது. உப்பு குறைந்தால் மெக்னீசியம், கால்சியம் எல்லாம் அதே விகிதத்தில் குறையும்.

‘1.025 காட்டுகிறதே’ என்பீர்கள். அந்த முள்ளில் ஒரு காற்றுக் குமிழ் ஒட்டினால் போதும், மேலே தூக்கி அதிகமாகக் காட்டும். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) இரவல் வாங்குங்கள். அதையும் வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்யம் வைத்துவிட்டு நம்பாதீர்கள். 36.5 கிராம் சமையல் உப்பு, 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீர். இந்தக் கரைசல் கடல் நீரைப் போலவே 35 (கிலோவுக்கு 35 கிராம் கடலுப்பு) காட்ட வேண்டும், காட்டாவிட்டால் திருகி 35-இல் நிறுத்துங்கள்.

வீட்டு ஆர்.ஓ.வில் சுவைக்காக, ஆர்.ஓ. சவ்வில் வடியாத தண்ணீரைத் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும். அந்த 60 அங்கிருந்துகூட வரலாம். தொட்டிக்கு 0 வேண்டும், ஒரு டி.ஐ. குடுவை (மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி) சேர்த்துவிடுங்கள்.

பெரம்பூர் உப்பு:
கொளத்தூரில் மீன் கடை வைத்திருக்கும் நண்பரிடம் ரிஃப்ராக்டோமீட்டரும் மெக்னீசியம் கிட்டும் வாங்கிவந்தேன். தராசில் நிறுத்து, கரைசலில் சரிசெய்து பார்த்தால் தொட்டி 30. கேனில் மீந்திருந்த கடல் தண்ணீர் 27! மெக்னீசியம் 1,080. ஹைட்ரோமீட்டரைத் தட்டிப் பார்த்தேன், முள்ளுக்கு அடியில் கடுகளவு குமிழ். இரண்டு மாதமாக நான் அந்தக் குமிழைத்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

பால்கனிச் சோதனையும் செய்தேன். 7.8 இருந்தது 8.15 ஆனது. இனி என்ன வரிசையில் போவது?

பழைய ஸ்கிம்மர்:
முதலில் உப்பு. தினமும் ஆவியாகிற 3 லிட்டருக்கு வெறும் தண்ணீர் ஊற்றாமல் 35-இல் கலக்கிய உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். நாளுக்கு 0.8 ஏறும், ஆறு ஏழு நாளில் 35. அதிலேயே மெக்னீசியம் 1,260-ஐத் தொடும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். கால்சியம் 325 பக்கம் வரும், ஆல்க் தானாக ஒன்று ஏறும். பிறகு கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 35 கிராம், மூன்று நாளாகப் பிரித்து. சோடா பக்கமே போகாதீர்கள்.

ஸ்கிம்மரின் (குமிழ் விட்டு அழுக்கை நுரையாக எடுக்கும் கருவி) காற்றுக் குழாயை ஏசி பைப் போகிற ஓட்டை வழியாக வெளியே விடுங்கள். ஒரே எச்சரிக்கை, தெருவில் கொசு மருந்துப் புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் குழாயைக் கழற்றுங்கள். அந்த மருந்து இறாலுக்கு ஆகாது.

பெரம்பூர் உப்பு:
ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். உப்பு 35, மெக்னீசியம் 1,260, கால்சியம் 395. ஆல்க் 9, நான்கு நாளாக அசையவில்லை, ஒரு சிட்டிகை கூடப் போடவில்லை. காலை பி.எச். 8.05. லெதர் தோலை உரித்துவிட்டு நேற்று முழுக்க விரிந்தது. வறுத்த சோடா டப்பா மட்டும் சமையலறையில் சாதா சோடா பக்கத்தில் இருந்திருக்கிறது, அதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன்.

இறுகிப்போன மணலை உடைத்துவிடலாமா?

பழைய ஸ்கிம்மர்:
உள்ளேயே உடைக்காதீர்கள், அடியில் தேங்கிய அழுக்கு முழுக்கக் கிளம்பும். வாரத்துக்கு ஒரு கட்டியாகக் கையால் எடுத்து வெளியே போடுங்கள். ஹீட்டரையும் பம்ப்பையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவையுங்கள், நுரைத்துக்கொண்டு பொருக்கு வந்துவிடும்.