யூகோஸ்லாவியா ஏன் உடைந்தது? மகளுக்கு என்ன சொல்வது?

உவர்மலை அம்மா:
வணக்கம். மகள் உயர்தரத்தில் வரலாறு படிக்கிறாள். போன கிழமை அலுமாரி துடைக்கும்போது அப்பாவின் முத்திரை அல்பம் கையில் வந்தது. அப்பா இங்கே திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர். வருகிற கப்பல்காரரிடம் கேட்டுக் கேட்டு வாங்கிச் சேர்த்த முத்திரைகள். ஒன்றில் நாட்டின் பெயர் இரண்டு விதமாக இருந்தது: ஆங்கில எழுத்து மாதிரி ஒன்று, ரஷ்ய எழுத்து மாதிரி மற்றது. யூகோஸ்லாவியா.

"இந்த நாடு இப்போது எங்கே?" என்றாள். உடைந்துவிட்டது என்றேன். ஏன் என்றாள். பல இனத்தவர் ஒன்றாக வாழ முடியவில்லை என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "அப்படியென்றால் எங்கள் ஊர்?" என்று கேட்டாள். அவளுடைய உயிர்ச் சிநேகிதி கிண்ணியா முஸ்லிம் பிள்ளை. பக்கத்து வீடு சிங்களக் குடும்பம். நான் சொன்னது சரிதானா என்று இரண்டு நாளாக மனம் அரிக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலையூற்று வாசகர்:
சேர்ந்த கதையைச் சொல்கிறேன். முதல் உலகப்போரில் ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசு சிதறியபோது, அதற்குள் இருந்த ஸ்லோவேனியரும் குரோஷியரும் சேர்பிய மன்னராட்சியோடு சேர்ந்தார்கள். 1918 டிசம்பர் 1 அன்று பிறந்த நாட்டின் பெயரே 'சேர்பியர், குரோஷியர், ஸ்லோவேனியர் இராச்சியம்'. 1929இல் மன்னர் அலெக்சாண்டர் அதிகாரத்தையெல்லாம் தன் கையில் எடுத்துக்கொண்டு, 'தென் ஸ்லாவியரின் நாடு' என்று பொருள்படும் யூகோஸ்லாவியா என்ற பெயரை வைத்தார். 1934இல் மார்செய் நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1941இல் ஹிட்லரின் படை புகுந்தது. அந்தப் போரில் உள்நாட்டுக்காரரும் ஒருவரையொருவர் கொன்றார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் கெரில்லாக்கள் வென்று, 1945இல் ஆறு குடியரசுகளின் கூட்டாட்சியாக நாட்டைத் திரும்பக் கட்டினார்கள்.

உடைந்த கதையைக் கப்பலில் இருந்த ஐயாதான் சொல்ல வேண்டும்.

பழைய கப்பல்காரன்:
அம்மா, ஒன்றாக வாழ முடியவில்லை என்பதை நான் ஏற்க மாட்டேன். வாழ்ந்தார்கள். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

1986இலிருந்து இரண்டு வருடம் ஒரு சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை செய்தேன். இரண்டாவது எஞ்சினியர் ஸ்பிளிட் நகரத்துக் குரோஷியர். மின்வேலை பார்த்தவர் நோவி சாட் பக்கத்துச் சேர்பியர். சமையற்காரர் மொஸ்தார் ஊர், தகப்பன் முஸ்லிம், தாய் கத்தோலிக்கக் குரோஷியர். மூவருக்கும் பேச்சு ஒரே மொழிதான். குடிசன மதிப்பீட்டில் இனம் என்ற இடத்தில் என்ன எழுதினாய் என்று சமையற்காரரிடம் ஒருநாள் கேட்டேன். "யூகோஸ்லாவியன்" என்றார். 1981 கணக்கெடுப்பில் அப்படி எழுதியவர்கள் 12 லட்சம் பேர்.

அவருக்கு ஊர்ப்பாலத்தைப் பற்றிப் பேசினால் போதும், சோறு கருகுவதும் தெரியாது. துருக்கியர் காலத்தில், 1566இல் கட்டி முடித்த கல்வளைவு. கோடையில் இளந்தாரிகள் அதன் உச்சியிலிருந்து நெரெத்வா ஆற்றில் குதிப்பார்களாம். எங்கள் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, 'பாதை' என்கிற மிதவையில்தான் ஆட்களும் வாகனங்களும் கடக்க வேண்டும் என்று நான் சொல்வேன். கடதாசியில் பாதையைக் கீறிக் காட்டினேன்.

சம்பளம் கிடைத்ததும் மூவரும் ஜெர்மன் மார்க்காக மாற்றிவிடுவார்கள், தங்கள் நாட்டுப் பணமான டினாரை வைத்திருக்க மாட்டார்கள். நாட்டுக்கு 2,000 கோடி டாலர் அளவில் வெளிநாட்டுக் கடன். 1989இல் பணவீக்கம் ஆயிரம் சதவீதத்தைத் தாண்டியது. எங்கள் உழைப்பைத் தெற்கு தின்கிறது என்று வசதியான ஸ்லோவேனியாவில் பேச்சு. கொசோவோவில் இளைஞருக்கு வேலை இல்லை. இதை விட்டுவிட்டு இனத்தை மட்டும் சொல்வது அநியாயம்.

அப்புறம் ஆட்சி முறை. 1980 மே 4 அன்று டிட்டோ இறந்தார். அதன் பிறகு ஆறு குடியரசுக்கும் சேர்பியாவின் இரண்டு தன்னாட்சி மாகாணங்களுக்குமாக எட்டுப் பேர் கூட்டாகத் தலைமை வகித்தார்கள், வருடத்துக்கு ஒருவர் தலைவர். சேர்பியத் தலைவர் மிலோசெவிச் 1989இல் கொசோவோ, வொய்வோதினா இரண்டின் தன்னாட்சியையும் பறித்தார், வாக்குகளை மட்டும் வைத்துக்கொண்டார். மொண்டினீக்ரோவும் அவர் பக்கம். எட்டில் நாலு வாக்கு ஒரே ஆளின் கையில் என்றால் மற்றவர்கள் பயப்பட மாட்டார்களா? 1990 ஜனவரியில் கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டிலிருந்து ஸ்லோவேனியர் எழுந்து போனார்கள். குரோஷியாவின் தலைவர் துஜ்மன் தன் இனக்கொடியைத் தூக்கினார். 1991 ஜூன் 25 அன்று அந்த இரண்டும் பிரிந்தன.

ஸ்லோவேனியாவில் போர் பத்து நாளில் முடிந்தது. பொஸ்னியாவில்தான் எந்த இனத்துக்கும் பாதிக்கு மேல் இல்லை, தெருவுக்குத் தெரு கலந்து இருந்தார்கள். 1992இலிருந்து மூன்றரை வருடம் அங்கே எரிந்தது. ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் 8,000க்கு மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் பையன்களையும் பொஸ்னிய சேர்பியப் படை கொன்றது. மொஸ்தார் பாலத்தைப் பொஸ்னியக் குரோஷியப் படை குண்டடித்து 1993 நவம்பர் 9 அன்று ஆற்றில் விழுத்தியது. வானொலியில் அந்தச் செய்தி வந்த இரவு நான் சாப்பிடவில்லை.

நிலாவெளித் தம்பி:
ஐயா, டிட்டோவும் தன்னை எதிர்த்தவர்களைக் கோலி ஒட்டோக் தீவுச் சிறையில் போட்டவர்தானே? பயத்தில் இருந்த ஒற்றுமையை எப்படி ஒற்றுமை என்பது?

பழைய கப்பல்காரன்:
நீ கேட்பது நியாயம், தம்பி. 1941-45 கொலைகளை அவர் ஆறப் பேச விடவில்லை. எந்த ஊரில் யார் யாரைக் கொன்றது என்பது வீட்டுக்குள் முணுமுணுப்பாகவே கிடந்தது. பிறகு வந்தவர்கள் அதைத் தொலைக்காட்சியில் இரவிரவாகக் கிளறினார்கள். ஆனால் அந்தச் சமையற்காரரின் தாயும் தகப்பனும் யாருக்கும் பயந்து கல்யாணம் கட்டவில்லை. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உவர்மலை அம்மா:
முழுவதையும் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது ஒரே கேள்விதான்: அந்தச் சமையற்காரர் என்ன ஆனார்?

பழைய கப்பல்காரன்:
1996இல் சுவீடனிலிருந்து ஒரு தபாலட்டை வந்தது. குடும்பத்தோடு அங்கே அகதியாகப் போயிருந்தார். பாலம் போய்விட்டது, உங்கள் பாதை இன்னும் ஓடுகிறதா என்று எழுதியிருந்தார். மொஸ்தார் பாலத்தை 2004இல் திரும்பக் கட்டினார்கள். 2009இல் கிண்ணியாவுக்கும் பாலம் வந்தது. அதைச் சொல்லி எழுதினேன், பதில் வரவில்லை. தபாலட்டை பத்திரமாக இருக்கிறது. முத்திரையைக் கழற்ற மனமில்லை. ஞாயிறு பின்னேரம் உவர்மலைப் பக்கம் வருவேன், பிள்ளைக்கு அட்டையோடு காட்டுகிறேன்.