பழைய சி லைப்ரரியைப் பைத்தானிலிருந்து அழைக்க எது நல்லது?

கால்வாய்க்காரன்:
கால்வாயில் ஓடும் நீரின் அளவை மேனிங் சூத்திரப்படி கணக்கிடும் சி மொழி லைப்ரரி ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஓய்வு பெற்றுவிட்ட ஒரு பெரியவர் எழுதியது. நாற்பது ஃபங்ஷன்கள், பதினைந்து ஆண்டுகளாகத் தப்பான விடை தந்ததில்லை. அதைத் தொட எனக்கு மனமும் இல்லை, துணிவும் இல்லை. பொறியாளர்களோ பைத்தானில் கேட்கிறார்கள். அவர்களுடைய விண்டோஸ் கணினிகளில் சி நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் கிடையாது. சி ஃபங்ஷன்களைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் சிடைப்ஸில் தொடங்கினேன். கால்வாயை உருவாக்கும் ஃபங்ஷன் பாயின்ட்டர் ஒன்றை, அதாவது நினைவக முகவரியை, தருகிறது. அதை அடுத்த ஃபங்ஷனுக்குக் கொடுத்தவுடன் நிரல் செத்து விழுகிறது. இதே வேலைக்கான வேறு கருவிகளான பைபைண்ட்11க்கு மாறவா, சைத்தானுக்கா?

பழைய கம்பைலர்:
தம்பி, சைத்தானை அழைக்கும் முன் ஒரு கேள்வி: ஃபங்ஷன் தரும் விடையின் வகையைச் சொல்லும் ரெஸ்டைப் எழுதினீர்களா? எழுதாவிட்டால் எல்லா ஃபங்ஷனும் இன்ட் (முழு எண்) தருவதாகவே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். 64 பிட் கணினியில் பாயின்ட்டர் 8 பைட், இன்ட் 4 பைட். முகவரியில் பாதி வெட்டுப்பட்டுப் போகும். ஃபங்ஷனுக்குக் கொடுப்பவற்றின் வகையைச் சொல்லும் ஆர்க்டைப்ஸையும் எழுதுங்கள், இல்லையென்றால் கொடுக்கும்போது மறுபடி வெட்டுப்படும். நான் இதில் மூன்று இரவு தூங்காமல் கிடந்தேன், அந்தப் பெரியவர்மேல் பழியையும் போட்டேன்.

பைபைண்ட்11 சி பிளஸ் பிளஸ் கிளாஸ்களுக்கானது. உங்களிடம் கிளாஸே இல்லை. சைத்தான் புதிதாக வேகமான லூப் எழுதுபவர்களுக்கு. பல மொழிகளுக்கும் இணைப்பு எழுதித் தரும் ஸ்விக் 1995இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் டேவிட் பீஸ்லி தொடங்கியது. நாளைக்கு ஜாவாவிலும் வேண்டும் என்று யாராவது கேட்டால் அதைப் பார்க்கலாம். சிடைப்ஸ் 2006இல் வந்த பைத்தான் 2.5 முதல் கூடவே வருகிறது, கம்பைலரும் கேட்காது. உங்களுக்கு அது போதும்.

மதகு:
போதாது என்பேன். லைப்ரரியின் ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஹெடர் கோப்பில் ஒரு ஸ்ட்ரக்ட் (தரவுக் கட்டமைப்பு) மாறினால் சிடைப்ஸுக்குத் தெரியவே தெரியாது. குப்பை எண்ணைத் தந்துவிட்டுச் சும்மா இருக்கும். சிஎஃப்எஃப்ஐ என்ற இன்னொரு கருவியின் ஏபிஐ முறையில் (இணைப்பை முன்கூட்டியே கம்பைல் செய்யும் முறை) கம்பைலரே ஹெடரோடு ஒத்துப் பார்க்கும். உங்கள் கணினியில் கட்டி, வீல் எனும் நிறுவத் தயாரான தொகுப்பாகக் கொடுத்துவிட்டால் பொறியாளர்களுக்குக் கம்பைலர் தேவையில்லை.

பழைய கம்பைலர்:
பதினைந்து ஆண்டுகளாக மாறாத ஹெடர் நாளைக்கு மாறுமா என்ன! மாறும் என்றால் மதகு சொல்வதே சரி. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அழைப்பு என்று பைத்தானிலிருந்து சிக்குப் பத்து லட்சம் முறை எல்லை தாண்டினால், கணக்கைவிடத் தாண்டுவதற்கே நேரம் போகும். நம்பை அரேயை (எண்களின் வரிசையை) மொத்தமாக அனுப்பி, லூப்பை சி பக்கத்தில் வையுங்கள்.

கால்வாய்க்காரன்:
ரெஸ்டைப்தான்! இரண்டு வரி சேர்த்தேன், பெரியவரின் விடையோடு கடைசி தசமம் வரை ஒத்துப்போகிறது. இனி அந்தப் பாயின்ட்டரை விடுவிப்பது யார்? பைத்தானிலிருந்தே சியின் ஃப்ரீ ஃபங்ஷனை அழைக்கலாமா?

பழைய கம்பைலர்:
கூடாது. விண்டோஸில் உங்கள் டிஎல்எல்லின் (லைப்ரரிக் கோப்பின்) ஹீப், அதாவது அது நினைவகம் எடுக்கும் இடம், வேறாக இருக்கலாம். உருவாக்கிய லைப்ரரியிலேயே அழிக்கும் ஃபங்ஷனும் இருக்கும், தேடுங்கள்.

கால்வாய்க்காரன்:
இருக்கிறது. பெயர் ‘கால்வாய்_மூடு’ என்று தமிழிலேயே இருக்கிறது, ஆங்கில எழுத்தில்.