வெள்ளி மின்முனைக்கான துத்தநாக நியோபேட்: கூழ் தயிர்போல் உறைவது ஏன்?

கேள்வி:
மைக்ரோவேவ் கருவிகளுக்கான பீங்கானான துத்தநாக நியோபேட், தூய நிலையில் 1150 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் நன்றாக இறுகும். மின்முனையாகும் வெள்ளியோ 962 டிகிரியில் உருகிவிடும். இரண்டையும் ஒன்றாகச் சுட வேண்டும் என்பதால், போரான் ஆக்சைடும் காப்பர் ஆக்சைடும் சிறிதளவு சேர்த்து, சின்டரிங்கை (தூளைச் சுட்டு இறுகச் செய்வதை) 900 டிகிரியில் முடிக்கிறேன். தூளை அழுத்திச் செய்த வில்லைகளில் குறையில்லை. ஆனால் அதே தூளை டொலுவீன், எத்தனால், பாலிவினைல் பியூட்டிரால் பைண்டர் (தூளைப் பிணைக்கும் பிசின்) ஆகியவற்றோடு கலந்து மெல்லிய நாடாவாக வார்க்க முயன்றால், கூழ் சில மணி நேரத்திலேயே உறைந்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழுவதில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
குற்றவாளி போரான். அந்த பைண்டரின் சங்கிலிகளில் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் எஞ்சியிருக்கும். ஈரத்தை உறிஞ்சிப் போரிக் அமிலமாக மாறிய ஆக்சைடு அவற்றைக் குறுக்கே பிணைத்துவிடுகிறது. பசையில் போராக்ஸ் கரைசலை ஊற்றினால் கொழகொழவென்று திரள்வதும் இதே வேதியியல்தான். பீங்கான் தூளே இல்லாமல், பைண்டர் கரைசலில் போரான் ஆக்சைடை மட்டும் கலந்து பாருங்கள். அதுவும் உறைந்தால் ஐயம் தீர்ந்துவிடும். போரானைத் துத்தநாக ஆக்சைடு, சிலிக்காவுடன் உருக்கி, நீரில் கொட்டிக் குளிர்வித்து, கண்ணாடித் தூளாக அரைத்துச் சேர்த்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

மறுமொழி 2:
காரணம் சரி, ஆனால் கண்ணாடியை முதல் மருந்தாக நான் பரிந்துரைக்க மாட்டேன். இப்பொருளை நாம் தேர்ந்தெடுப்பதே அதன் குறைந்த மின்காப்பு இழப்புக்காகத்தான் (மின்புலத்தின் ஆற்றல் வெப்பமாக வீணாவது குறைவு). மைக்ரோவேவ் அதிர்வெண்களில் அந்தச் சிறப்பைக் கண்ணாடி கெடுக்கும். முதலில் ஹைட்ராக்சில் இல்லாத அக்ரிலிக் பைண்டருக்கு மாறிப் பாருங்கள். எதைப் பயன்படுத்தினாலும், பைண்டர் முழுதும் எரிந்து வெளியேறும்வரை உலையை மெதுவாகவே ஏற்றுங்கள். அதற்குள் போரான் ஆக்சைடு உருகித் துளைகளை அடைத்துவிட்டால் கரி உள்ளே சிக்கிக்கொள்ளும். அவசரப்பட்டுச் சுட்ட என் நாடா அடுக்கு ஒன்றை உடைத்தபோது, விளிம்பு வெளுத்தும் நடுப்பகுதி பென்சில் கரிபோல் கறுத்தும் இருந்தது.

கேள்வி கேட்டவர்:
சோதித்தேன். தூள் கலக்காத பைண்டர் கரைசலும் மாலைக்குள் உறைந்துவிட்டது. அக்ரிலிக் பைண்டரில் கலக்கிய கூழ் மறுநாளும் ஓடுகிறது. நாடாவும் விரிசலின்றி உலர்ந்திருக்கிறது. அடுத்து வெள்ளிப் பசையை அச்சிட்டு, சுட்டபின் நாடாவும் வெள்ளியும் வெவ்வேறு வேகத்தில் சுருங்கி அடுக்கு வளைகிறதா என்று பார்க்க வேண்டும்.